விலையா, தவணையா?

மாடு வாங்கப் போகின்றவர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடக்க விட்டுப் பார்ப்பார், அதன் பின்னரே விலை பேசத் தொடங்குவார். அந்த விலைப் பேச்சும் எல்லோர் காதிலும் விழும்படி நடப்பதில்லை. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகரும் வாங்குபவரும் ஒரு துண்டினால் கைகளை மூடிக்கொண்டு, விரல்களைப் பிடித்தே தொகையைத் தெரிவித்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சுற்றி நிற்பவர்கள் இருவருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மோட்டார் வண்டிச் சந்தையில் துண்டு இல்லை, கைத்தொலைபேசி இருக்கின்றது. வியாபாரி அதில் இலக்கங்களைத் தட்டி, வாயால் ஒரு வார்த்தையும் சொல்லாமல், வாங்க வந்தவரின் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டுகின்றார். 2025 ஆம் ஆண்டுச் சிறுபோக அறுவடை முடிந்த கையோடு வவுனியாவில் ஒரு விற்பனை நிலையத்தில் இப்படி ஒரு தொலைபேசி எமது முகத்துக்கு நேரே திரும்பியது. அதில் தெரிந்த தொகை 36,250. காரின் விலை அதுவன்று என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். அந்தத் தொகையின் கதையைத்தான் இந்த வாரம் சொல்ல விரும்புகின்றோம்.

வட்டக்கச்சியில் வசிக்கும் எமது தங்கை பாடசாலை ஆசிரியை. அவள் கணவர் இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெற்செய்கை பண்ணுபவர். எமது தாயார் அவர்களுடனேயே இருக்கின்றார். இருதய நோய்க்காக மாதத்தில் ஒரு நாள் கிளினிக்குக்கும் இன்னொரு நாள் பரிசோதனைகளுக்குமாக அவர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போய்வர வேண்டும். பஸ்ஸில் போய்வர உடல் இடங்கொடுப்பதில்லை. வாடகைக் காருக்கு ஒரு தடவைக்கு 11,000 ரூபாய், மாதத்துக்கு 22,000. இந்தக் கணக்கு எப்படியோ அம்மாவின் காதுக்கு எட்டிவிட்டது. அன்றுதொட்டு அவருக்கு நோயே இல்லாமற் போயிற்று. “எனக்கு இப்ப நல்ல சுகம் பிள்ளை, இந்த மாதம் போகத் தேவையில்லை” என்பார். இரண்டு மாதக் கிளினிக் தவறிய பின்னரே, அவரை வருத்துவது இருதயத்தைவிட வாடகைதான் என்பது தங்கைக்கு விளங்கிற்று. சொந்தமாக ஒரு கார் இருந்தால் அம்மா மறுக்கமாட்டார் என்று தீர்மானித்தார்கள். இரண்டு போகத்து நெல்லில் மிஞ்சியது, தங்கையின் சீட்டுக் காசு, கனடாவிலிருந்து தம்பி அனுப்பியது என்று எல்லாவற்றையும் சேர்த்தபோது 22½ இலட்சம் தேறிற்று. மிகுதிக்குக் கடன்.

பழைய காருக்கு இந்த நாட்டில் இவ்வளவு பணமா என்று வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் வாயைப் பிளப்பதுண்டு. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 இல் டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபாயளவிலிருந்து 360 ரூபாயளவுக்குத் தாவியது. புது வண்டி வந்து இறங்காத நாட்டில், ஓடிக்கொண்டிருந்த வண்டிகளே திரும்பத் திரும்பக் கைமாறின. நாலைந்து வருடம் ஓட்டித் தேய்த்த காரை வாங்கிய விலையிலும் கூடிய விலைக்கு விற்றவர்கள் எமது தெருவிலேயே இருக்கின்றார்கள். 2025 பெப்ரவரி முதலாந் திகதி தனியார் வாகனங்களுக்கும் கதவு திறக்கப்பட்டது. ஆனால் வரி என்னும் தாழ்ப்பாள் கதவை அரைவாசிக்கு மேல் திறக்க விடவில்லை போலும்.

ஆகவே, “விலை கூடத்தான் ஐயா, நான் என்ன செய்ய?” என்று வியாபாரி சொல்லும்போது அது முழுப் பொய்யன்று. அவரும் கூடிய விலைக்கு வாங்கியவரே. ஆனால் அதில் எமக்குச் சாதகமான ஒரு சங்கதியும் மறைந்து கிடக்கின்றது. தடைக் காலத்து விலைக்கு வாங்கி வைத்தவர், துறைமுகத்தில் புது வண்டிகள் இறங்க இறங்கத் தமது முற்றத்து வண்டியின் மதிப்பு இறங்கிவிடுமே என்ற பயத்தில் இருக்கின்றார். அவருடைய முதலும் பெரும்பாலும் கடன் முதல்தான். வண்டி முற்றத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வட்டி ஓடுகின்றது. நாம் எவ்வளவு அவசரமாக வாங்க விரும்புகின்றோமோ அவ்வளவு அவசரமாக அவரும் விற்க விரும்புகின்றார். அவர் தமது அவசரத்தை மறைக்கப் பழகியவர். நாம் எமது அவசரத்தை முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு போகின்றோம். வித்தியாசம் அவ்வளவே.

எமது மைத்துனரின் அவசரத்துக்கோ ஒரு சரித்திரமே உண்டு. வன்னியில் வண்டிக்கு உள்ள மதிப்பை விலைப் பட்டியலில் காண இயலாது. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையின் கீழ்ப் பெற்றோல் கிடையாத காலத்தில், பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் சில துளி பெற்றோல் காட்டி உயிர்ப்பிக்கப்பட்டு, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடின. அக்காலத்தில் வண்டி வாங்குபவர் எந்த ஆண்டு வண்டி என்று கேட்டதில்லை. மண்ணெண்ணெயில் நிற்காமல் இழுக்குமா என்றே கேட்டார். 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி மக்கள் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டதும் தெற்கிலிருந்து வண்டிகள் வந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது. 2009 மே மாதத்தில், வன்னியில் எஞ்சியிருந்த காரும் வானும் லொறியும் உழவு இயந்திரமும் முள்ளிவாய்க்கால் மணலில் கைவிடப்பட்டு நின்றன. மைத்துனரின் மெசி பெர்கியூசன் உழவு இயந்திரமும் அவற்றுள் ஒன்று. அதற்கு எவரும் விலை பேசவில்லை. திறப்பை அதிலேயே விட்டுவிட்டு நடந்தார். அன்று நடந்தவருக்கு இன்று ஒரு வண்டியைக் கண்டால், அது தம்முடையதாக வேண்டும் என்ற எண்ணத்துக்கு முன்னால் வேறெந்த எண்ணமும் நிற்பதில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வியாபாரிக்கு அந்தப் பார்வை ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது என்பதையே சொல்லுகின்றோம்.

வவுனியாவுக்கு நால்வர் போனோம்: மைத்துனர், தங்கை, நாம், பரந்தனில் கராஜ் வைத்திருக்கும் தம்பி ஒருவர். கடைசியில் சொன்னவரே முதன்மையானவர். அவருக்குக் கொடுத்த ஒரு நாட்கூலியைப் போல இலாபமான செலவை நாம் அண்மையிற் செய்ததில்லை.

கார் 2015 ஆம் ஆண்டு சுசுகி அல்டோ. வெள்ளை நிறம். மெழுகு பூசித் துடைத்து, சில்லுகளுக்குக் கறுப்புச் சாயம் தடவி, மணப்பெண்ணைப் போல நிறுத்தி வைத்திருந்தார்கள். மைத்துனர் நேரே போய்ச் சாரதி ஆசனத்தில் அமர்ந்துகொண்டார். கராஜ்காரத் தம்பி கதவைக்கூடத் திறக்கவில்லை. முன்மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு எம்மிடம் வந்து, “சூடாக் கிடக்குது ஐயா” என்றார்.

இன்ன நேரத்துக்கு வருகின்றோம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். அதற்கு முன்னதாக இயந்திரத்தை ஓட விட்டிருக்கின்றார்கள். குளிர்ந்திருக்கும் இயந்திரம் தன் குறைகளை முதல் முழக்கத்திலேயே சொல்லிவிடும். சூடேறிய பின்னர் அவற்றுட் பல அடங்கிவிடும். ஆகையால் தம்பியின் ஆலோசனைப்படி, “தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வாறம்” என்று சொல்லிவிட்டு, எதிர்க் கடையில் ஒன்றரை மணி நேரம் இருந்தோம். மைத்துனருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேறு யாராவது வந்து வாங்கிவிட்டால் என்ன செய்வது என்று மூன்று தடவை கேட்டார். தங்கை மூன்று தடவையும், “வாங்கினால் வாங்கட்டும்” என்றாள். திரும்பிப் போய் முடுக்கியபோது புகைக்குழாயில் நீலப்புகை சற்றே தெரிந்து மறைந்தது. பெருங் குற்றமன்று, ஆனால் விலைப் பேச்சில் ஒரு சொல்லாக நிற்கும்.

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜோர்ஜ் அக்கர்லோவ் 1970 இல் இதைப் பற்றித்தான் ஒரு கட்டுரை எழுதினார். கெட்ட காரை அமெரிக்கர் பேச்சுவழக்கில் எலுமிச்சம்பழம் என்பார்கள். கட்டுரையின் தலைப்பிலும் எலுமிச்சம்பழமே இருக்கின்றது. விற்பவனுக்கு வண்டியின் குணம் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் எல்லா வண்டியையும் சந்தேகித்து நடுத்தரமான விலையே கொடுப்பான். அந்த விலைக்குத் தன் நல்ல வண்டியை விற்க எவனும் விரும்பான். முடிவில் சந்தையில் கெட்டவையே மிஞ்சும். மூன்று சஞ்சிகைகள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரை, 2001 இல் அவருக்கும் வேறிருவருக்கும் நோபெல் பரிசு கிடைப்பதற்குக் காரணமாயிற்று. பரந்தன் தம்பி அதைப் படித்தவரல்லர். ஆனால் அறியாமையை ஒன்றரை மணி நேரத்தாலும் இரண்டு கோப்பைத் தேநீராலும் குறைக்கலாம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவர் பார்த்த ஏனையவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2317 என்றிருந்தால் 2017 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. இரண்டு ரயர்கள் அந்த வயதின. சாயம் பூசினால் இளமை திரும்புமா? மீற்றரில் 61,000 கிலோமீற்றர் என்று காட்டியது. பிரேக் மிதியின் இறப்பரோ அதைவிட மிக அதிகமாகத் தேய்ந்திருந்தது. வலப்பக்க முன்கதவு பின்னர் நிறம் பூசப்பட்டது. ஆசனப் பட்டியை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தார்; வெள்ளத்தில் மூழ்கிய வண்டியென்றால் அந்தப் பட்டியின் அடியில் சேற்றுக் கறை நிற்குமாம். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்த வெள்ளத்தைக் கண்ட எமக்கு இது தேவையற்ற சந்தேகமாகப் படவில்லை. நாம் போனது 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலுக்கு முன்னர். அதன் பின்னர் பழைய வண்டி வாங்குபவர்கள் பட்டியை இழுப்பதோடு நில்லாமல் தரைவிரிப்பையும் தூக்கி மணந்து பார்ப்பது நன்று.

பத்திரங்களைத் தங்கை பார்த்தாள். பதிவுச் சான்றிதழில் உள்ள அடிச்சட்ட இலக்கமும் இயந்திர இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருந்தன. ஆனால் முன்னைய உரிமையாளரின் கையொப்பம் மாத்திரம் இட்ட, வாங்குபவர் பெயர் எழுதப்படாத பெயர் மாற்றப் படிவம் ஒன்று கோவையில் இருந்தது. சந்தையில் இதனை ‘ஓப்பின் பேப்பர்’ என்பார்கள். இந்த முறையில் ஒரு வண்டி நாலைந்து கை மாறினாலும் திணைக்களத்தின் ஏட்டில் முதலாமவரே உரிமையாளராக இருப்பார். விபத்து நேர்ந்தால், வழக்கு வந்தால், பழைய நிதிக் கம்பனி ஒன்று நிலுவை என்று தலைகாட்டினால், அகப்படுபவர் ஒருவர், வண்டி வைத்திருப்பவர் வேறொருவர். “பெயர் மாற்றித் தந்தால்தான் பேச்சு” என்று அவள் சொன்னபோது வியாபாரி முதன்முறையாக அவளை ஏறிட்டுப் பார்த்தார். அதுவரை அவர் பேசியதெல்லாம் எம்மிருவரோடுதான். பெண்கள் கூட வருவது வண்டியின் நிறம் பார்க்க என்பது அவர் எண்ணம் போலும். அவரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. 1991 இல் இயன் எயர்ஸ் என்னும் சட்டப் பேராசிரியர் சிக்காக்கோப் பகுதிக் கார் வியாபாரிகளிடம் ஆண்களையும் பெண்களையும் ஒரே விதமாகப் பேரம் பேசப் பழக்கி அனுப்பி ஆராய்ந்தபோது, வெள்ளை ஆண்களுக்குச் சொன்னதைவிடப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் கூடிய விலை சொல்லப்பட்டமை தெரியவந்தது.

இனி அந்த 36,250 க்கு வருவோம்.

வியாபாரி சொன்ன விலை 37½ இலட்சம். நாம் வாய் திறக்குமுன் அவர் மைத்துனர் பக்கம் திரும்பி, “விலையை விடுங்கோ அண்ணை. மாதம் எவ்வளவு கட்ட ஏலும்? அதைச் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்” என்றார். எவ்வளவு இனிமையான கேள்வி! எமது நிலைமையை உணர்ந்து, சுமையைத் தாமே தாங்க முன்வரும் உறவினரைப் போல அவர் தோற்றினார். மைத்துனரும் அகமகிழ்ந்து, “ஒரு முப்பத்தைஞ்சு, முப்பத்தாறாயிரம்...” என்று இழுத்தார்.

பேரம் அந்த இடத்தில் முடிந்துபோயிற்று. விலை என்னும் பேச்சே அதன் பின் எழவில்லை. 22½ இலட்சம் கையிற் கொடுத்தால் மிகுதி 15 இலட்சத்துக்கு நிதிக் கம்பனி ஒழுங்கு செய்து தரும். “வட்டி ஒன்பது வீதம்தான்”. நாலு வருடத்துக்கு என்று தட்டினார். 42,500 என்று வந்தது. மைத்துனரின் முகம் வாடியது. “பொறுங்கோ அண்ணை, உங்களுக்காகக் குறைச்சுத் தாறன்” என்று மறுபடி தட்டித் திருப்பிக் காட்டினார்: 36,250. மாதத்துக்கு 6,250 ரூபாய் குறைந்துவிட்டது! மைத்துனர் வெற்றிப் பெருமிதத்தோடு எம்மைப் பார்த்தார்.

தங்கை கைப்பையிலிருந்து ஒரு பாடசாலை அப்பியாசக் கொப்பியை எடுத்தாள். “எத்தினை மாதம்?” என்று கேட்டாள்.

“அறுபது, ரீச்சர்.”

அவள் பெருக்கினாள். 36,250 ஐ அறுபதாற் பெருக்க 21¾ இலட்சம். முன்னைய 42,500 ஐ நாற்பத்தெட்டாற் பெருக்க 20 இலட்சத்து 40,000. ‘உங்களுக்காகக் குறைத்த’ வகையில் நாம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது 1,35,000 ரூபாய். கைப்பணத்தையும் சேர்த்தாள்: 44¼ இலட்சம். கொப்பியை அவள் தன் கணவரின் பக்கம் திருப்பிக் காட்டினாள். தொலைபேசிக்கும் கொப்பிக்கும் இடையில் சற்று நேரம் எவரும் பேசவில்லை.

ஒன்பது வீத வட்டி என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கின்றது. மாதாமாதம் கட்டக் கட்டக் கடன் குறைந்துகொண்டு போகின்றது. ஆனால் இந்த ஒன்பது வீதம், ஐந்தாம் வருடத்தின் கடைசி மாதத்திலும் முதலில் வாங்கிய 15 இலட்சம் முழுவதற்கும் கணக்கிடப்படுகின்றது. எஞ்சியுள்ள நிலுவைக்கு மட்டுமே வட்டி என்று கணக்குப் பார்த்தால், அதே 36,250 ரூபாய் ஆண்டுக்கு ஏறக்குறைய 15¾ வீதத்துக்குச் சமம். ‘குறைந்து செல்லும் நிலுவைக்கு எத்தனை வீதம்?’ என்று கேட்டாலன்றி இதை எவரும் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

நாமும் ஒரு காலத்தில் அகப்பட்டவர்களே. யுத்தம் முடிந்து, நிதிக் கம்பனிகள் வீதிக்கு வீதி பலகை தொங்கவிட்ட 2011 இல், 1,75,000 ரூபாய் மோட்டார் சைக்கிள் ஒன்றை 50,000 கையிற் கொடுத்து எடுத்தோம். மாதம் 5,200 என்றார்கள், கட்டலாம் என்று தோன்றியது, எடுத்தோம். எத்தனை மாதம் என்று கேட்டோமேயன்றிப் பெருக்கிப் பார்க்கவில்லை. முப்பத்தாறு மாதம் கழித்து, கொடுத்த மொத்தத்தைக் கூட்டியபோது 2,37,200 வந்தது. அந்த மூன்று வருடத்தில் ஒரு போகம் மழையில் அழிந்தது. தவணை கேட்டு வந்தவர்கள் மிக மரியாதையாகத்தான் படலையில் நின்றார்கள். ஆயினும் அயலார் பார்க்க அவர்கள் நின்ற நிற்கை இன்னும் மறக்கவில்லை. தவணை தவறிய உழவு இயந்திரத்தைச் சந்தியில் மறித்து ஏற்றிக்கொண்டு போனதையும் கண்டிருக்கின்றோம்.

கமக்காரன் வீட்டில் இதிலுள்ள தொல்லை தனியானது. தவணை மாதத்துக்கு ஒரு முறை வருகின்றது. நெல்லோ ஆண்டுக்கு இரண்டு முறைதான் வருகின்றது. காலபோக அறுவடைக்கும் சிறுபோக அறுவடைக்கும் இடையில் கிடக்கும் மாதங்களை நிதிக் கம்பனியின் கணக்குப் புத்தகம் அறியாது. மாதம் எவ்வளவு கட்டுவீர்கள் என்ற கேள்வி மாதச் சம்பளக்காரனுக்காகச் செய்யப்பட்ட சட்டை. அதைக் கமக்காரனுக்கு மாட்டிவிட்டு, அளவாக இருக்கின்றது என்று வியாபாரி சொல்லுகின்றார்.

தங்கை கொப்பியை மூடிக்கொண்டு கேட்டாள்: “ஐயா, தவணையைப் பிறகு பாப்பம். முழுக் காசும் கையிலை தந்தால் இந்தக் கார் என்ன விலை?”

இந்த ஒரு கேள்விக்காகவே நாம் இவ்வளவும் எழுதினோம் என்று சொன்னாலும் தகும். வியாபாரியின் முகபாவம் மாறியது. தவணைப் பேச்சில் விலை, காலம், வட்டி, கைப்பணம் என்று நாலு கயிறுகள் அவர் கையில் இருந்தன. ஒன்றை இளக்கி மற்றொன்றை இழுக்கலாம். இப்போது ஒரே கயிறு. அதன் மறுமுனை எமது கையில். “உங்களுக்கெண்டபடியால் முப்பத்தாறே முக்கால்” என்றார். வாய் திறந்த ஒரு கேள்விக்கு 75,000 ரூபாய்!

தங்கை 33 இலட்சம் என்றாள். சும்மா சொல்லவில்லை. ரயர், கதவு, நீலப்புகை, மீற்றருக்கும் மிதிக்கும் உள்ள பொருத்தமின்மை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். குறை சொல்லிக் கேட்ட விலைக்கு வியாபாரி கோபித்துக்கொள்வதில்லை என்பதை அன்று கண்டோம். காரணமின்றிப் பாதிக்குப் பாதி கேட்பவர்கள்மீதுதான் அவர்களுக்கு இளக்காரம். அவர் 36 க்கு வந்து நின்றார். தங்கை தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

எழுந்து வருவதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. மைத்துனர் காரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஓமந்தை தாண்டும்வரை எவரோடும் பேசவில்லை. மாங்குளத்தில், “வித்துப்போடுவான்” என்றார். வீட்டிலிருந்து புறப்படுமுன்பே 35 இலட்சத்துக்கு மேற் போவதில்லை என்று மூவரும் கொப்பியில் எழுதிக் கையொப்பம் இடாத குறையாகப் பேசியிருந்தோம். இல்லாவிடில் அவர் புளியங்குளத்திலேயே வானைத் திருப்பச் சொல்லியிருப்பார்.

மூன்றாம் நாள் மாலை வியாபாரி தொலைபேசியில் அழைத்தார். மாத முடிவுக்கு இரண்டு நாள் இருந்தது. 35¼ என்று தொடங்கினார்; தங்கை 34 என்றாள்; 34¼ இலட்சத்தில் முடிந்தது. தேய்ந்த இரண்டு ரயரையும் மாற்றித் தருவதும், பெயர் மாற்றச் செலவும் அவருடையது என்று ஏற்றுக்கொண்டார்.

அதன் பின்னரே கடனைப் பற்றிப் பேசினோம். மிகுதி 11¾ இலட்சம், நாலு வருடம், அதே ஒன்பது வீதம். மாதத் தவணை 33,292 ரூபாய். வேடிக்கையைப் பாருங்கள்: ஐந்து வருடத்துக்கு 36,250 கட்ட ஒப்புக்கொள்ள இருந்தவர், நாலு வருடத்துக்கு அதிலும் குறைந்த தொகை கட்டுகின்றார். எல்லாம் கூட்டினால் 38½ இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அன்று மேசையில் ஏறக்குறைய முடிந்துபோயிருந்த கணக்கைவிட 5¾ இலட்சம் குறைவு. ஒவ்வொரு அறுவடை முடிவிலும் ஆறு மாதத் தவணையாக இரண்டு இலட்சத்தை வேறொரு கணக்கில் இட்டுவிட வேண்டும், அந்தப் புத்தகம் தன்னிடம் இருக்கும் என்று தங்கை நிபந்தனை விதித்தாள். மைத்துனர் மறுபேச்சின்றி உடன்பட்டார்.

வாடகைக்கு 22,000 கொடுத்தவர்கள் தவணைக்கு 33,292 கொடுப்பதும், அதற்கு மேல் பெற்றோலும் காப்புறுதியும் பராமரிப்பும் சேர்வதும் எந்தக் கணக்கில் இலாபம் என்று வாசகர் எவரேனும் கேட்கலாம். எந்தக் கணக்கிலும் இலாபமன்று. தங்கையின் கொப்பியிலும் அது நட்டமென்றே எழுதப்பட்டிருக்கின்றது. தெரிந்துகொண்டே எடுத்த நட்டம் அது.

கார் வந்த அன்று முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, பொழுதுபடும் நேரத்தில் வட்டக்கச்சியை அடைந்தோம். அம்மா முற்றத்துக்கு இறங்கி வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நிறம் பூசிய அந்தக் கதவின் முன்னால் சிறிது நேரம் நின்றார். “எவ்வளவுக்கு எடுத்தனீங்கள்?” என்று கேட்டார். தங்கை சொன்னாள்.

“கூடக் குடுத்துப்போட்டியள் பிள்ளையள். முப்பத்து மூண்டிலை நிண்டிருக்க வேணும்” என்றார் அம்மா. பிறகு பின் ஆசனத்தில் ஏறி இருந்து, கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து அடுத்த திகதி என்னவென்று பார்க்கச் சொன்னார்.